அடுக்கு வீடு வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்?

(சென்னை பெரம்பூரில் ஒரு பொதுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதல்ல. ஒரு குடும்பம் இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துப் பட்டணத்தில் ஒரு பழைய அடுக்கு வீடு, அதாவது ஃபிளாட், வாங்குகிறதே, அதைப் பற்றியதுதான். கிராமத்துக் காணியை விற்றுவிட்டு, பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்குமாக இங்கு வருகிறவர்கள் அநேகர். புது வீட்டு விலை அவர்களுக்கு எட்டுவதில்லை. ஆகவே முப்பது வருஷத்துப் பழைய கட்டடத்தில், பல ஜாதியும் பல மதமும் பல பாஷையும் கலந்த தெருவில் வாங்குகிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்கிற இந்தக் காரியத்தில்தான் நம் ஜனங்கள் புத்தியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள் என்று சொல்லுகிறேன்.

முதலில், ஃபிளாட் என்றால் என்ன? கிராமத்துத் தோழர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. அதில் ஒரே அளவாய் எட்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் மண்ணில் 300 சதுர அடி பங்கு. எந்த 300 அடி, கிழக்கோரமா மேற்கோரமா என்று கேட்டால் பதில் கிடையாது. பத்திரத்தில் அதற்குப் "பிரிக்கப்படாத பாகம்" என்று பெயர். சுவர் நாளுக்கு நாள் தேய்ந்து கொண்டு போகிறது. விலை ஏறுவது இந்த மண் பங்குக்குத்தான். பழைய கட்டடத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. இந்தப் பங்கோ மற்ற ஏழு பேருடைய பங்கோடு கலந்தே கிடக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

வீடு பார்க்கப் போகிறவர் என்ன கேட்கிறார்? "வாசல் எந்தத் திசை? அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா? கன்னி மூலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். கூடவே வாஸ்துக்காரர் ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்து வருகிறார். நான் கேட்கிறேன், அடுக்குக் கட்டடங்களில் அநேகமாக ஒரு வீடும் எதிர் வீடும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிக் கட்டப்பட்டவை அல்லவா? ஒன்றில் அடுப்பு அக்கினி மூலையில் இருந்தால் எதிர் வீட்டில் அது கன்னி மூலைக்குப் போய்விடுகிறது. சாஸ்திரம் மெய்யானால் ஒவ்வொரு மாடியிலும் பாதிக் குடும்பம் வாழ்ந்தும் பாதிக் குடும்பம் கெட்டும் போயிருக்க வேண்டுமே! அப்படி எங்கேயாவது கண்டதுண்டா? மேல் வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ் வீட்டுக் கூரை நனைகிறது. அது எந்தத் திசை வீடாயிருந்தாலும் நனைகிறது.

அடுத்தது நல்ல நாள். முகூர்த்த நாட்களில் ரிஜிஸ்தர் ஆபீசில் கூட்டம் தாங்காமல், சர்க்காரே கூடுதல் டோக்கன் கொடுக்கிற நிலையில் இருக்கிறோம். அந்த நல்ல நேரத்தில் யோக்கியமான பத்திரமும் பதிவாகிறது. மோசடிப் பத்திரமும் பதிவாகிறது. மோசடி செய்கிறவனும் பஞ்சாங்கம் பார்த்துத்தானே வருகிறான்?

திசைக்குப் பிறகு மூன்றாவது கேள்வி வருகிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மற்ற வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். என்ன ஜாதி, என்ன மதம் என்பதுதான் அதன் அர்த்தம். விற்கிறவரும் சளைத்தவரல்ல. "சைவம் மட்டும்" என்று விளம்பரம் போடுகிறார். ஜாதியை நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர் சமையலைக் கேட்டு ஜாதியைத் தெரிந்துகொள்கிறார். கறி வாசனை ஆகாது என்பார்கள். சாக்கடை வாசனையைச் சகித்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்தவருக்கு மீன் குழம்பு வாசனை மட்டும் எப்படி ஆகாமல் போயிற்று?

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை இவைகளில் ஜாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. அந்த வரிசையில் வீடு இல்லை. குஜராத்தில் பார்சிகளின் வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் மதத்தாரை மட்டுமே அங்கத்தினராகச் சேர்ப்பது செல்லும் என்று 2005ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை வந்தும், பணம் கொடுத்து வீடு வாங்கப் போகிற ஆதிதிராவிடரும் முஸ்லிமும் வாசலில் நிறுத்தி வைக்கப்படுகிறார்கள். இது நமக்கெல்லாம் வெட்கமான விஷயமல்லவா?

இப்பொழுது அந்தப் பிரிக்கப்படாத பாகத்துக்கு வருகிறேன். தீட்டுப் பார்க்கிற தோழரே! உமது 300 அடி மண் எது, பக்கத்து வீட்டுக்காரரின் மண் எது என்று கோடு போட்டுக் காட்டும் பார்க்கலாம். முடியாது. தாங்கும் தூண் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று, சாக்கடை ஒன்று. இத்தனையும் ஒன்றாயிருக்க, ஜாதி மட்டும் தனியாக எங்கே உட்காரும்?

நாம் கூடியிருக்கும் இந்தப் பெரம்பூரைப் பாருங்கள். 1856ல் ரயில்வே தொழிற்சாலை வந்தது. பிறகு பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் வந்தன. தமிழர், தெலுங்கர், மலையாளி, முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் பிழைக்க வந்து சேர்ந்தார்கள். 1921ல் அந்த ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபொழுது தொழிலாளர் ஒன்றாக நிற்கவில்லை. ஆதிதிராவிடர் ஒரு பக்கம், மற்ற ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம் என்று பிளந்துபோயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொண்டவர்கள் கண்ட லாபம் இதுதான்.

சரி, பின்னே எதைப் பார்ப்பது? பத்திரத்தைப் பாருங்கள். மூலப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி அறுபடாமல் வந்திருக்கிறதா, அசல் கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பாருங்கள். 1975 முதல் உள்ளதைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அனுமதி பெற்ற வரைபடத்தில் மூன்று மாடி, எதிரே நிற்பது நாலு மாடி என்றால், அந்த நாலாவது மாடி என்றைக்கும் வம்புதான். எல்லா வீடுகளின் மண் பங்கையும் கூட்டிப் பாருங்கள். மனையின் அளவுக்கு மேல் போனால் யாரோ இல்லாத மண்ணை விற்றிருக்கிறான் என்று அர்த்தம். பழைய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரையும் பதிவுமாக 2023 முதல் நூற்றுக்கு 9 கட்ட வேண்டும். 50 லட்சம் கிரயமானால் நாலரை லட்சம். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பிறகு கட்டடத்தைப் பாருங்கள். புதியதெல்லாம் பத்திரமானது என்று எண்ண வேண்டாம். 2014ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடமே இடிந்து 61 பேர் மாண்டார்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் சர்க்கார் கட்டிய பழைய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம் என்ன? சுவர் வெடிப்பதைக் கண்டு ஜனங்கள் முன்னதாகவே வெளியேறினார்கள். அவர்களைக் காப்பாற்றியது கண்ணும் புத்தியும்தான்.

ஆகவே நீங்களும் வெடிப்பைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பருத்து, சிமிட்டியை வெளியே தள்ளும். தூணின் நீளவாக்கில் ஓடும் வெடிப்புக்கும், சன்ஷேடின் அடியில் பெயர்ந்து விழும் பூச்சுக்கும் இதுவே பெரும்பாலும் காரணம். கடற்காற்றடிக்கும் ஊரில் இது சீக்கிரம் வரும். வர்ணம் புதிதாயிருந்தால் ஏன் இப்பொழுது அடித்தார்கள் என்று கேளுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, 2019ல் ஏரிகள் வற்றியபொழுது எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் கூலியைக் கட்டட இஞ்சினீயர் ஒருவருக்குக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டாரைப் பற்றி விசாரிப்பது தப்பா? தப்பே இல்லை. கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் என்ன ஜாதி என்று கேட்காதீர்கள். பராமரிப்புப் பணத்தை எத்தனை பேர் மாதா மாதம் கட்டுகிறார்கள், சங்கம் கூடுகிறதா, கணக்குக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே ஜாதியார் எட்டுப் பேர் இருந்து ஒருவரும் பணம் கட்டாவிட்டால் மோட்டார் ஓடுமா?

இன்னொன்று. 2022ல் செய்யப்பட்டு 2024ல் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வீட்டுக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் சம்மதம் வேண்டும். எட்டு வீட்டில் ஆறு பேர். உமது கிழட்டுக் கட்டடம் உமது பிள்ளைகள் தலையில் விழாமலிருக்க, நீர் தீட்டென்று ஒதுக்கியவரின் கையெழுத்தும் வேண்டியிருக்கும்! அன்றைக்குப் போய்க் கதவைத் தட்டுவதைவிட இன்றைக்கே தட்டிப் பழகுவது மேலல்லவா?

தோழர்களே! நான் சொல்லுவதற்காக நம்ப வேண்டாம். அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பார்த்து, கேட்டு, கணக்குப் போட்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் வாங்குங்கள். வாங்கிய பிறகு சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் சமமாய் உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.