காத்திருப்பில் ஒரு கல்வத்

 

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோர் அமல்களைக் கற்றுக்கொண்டே புறப்படுகின்றனர். தவாஃப் எத்தனை சுற்று, ஸயீ எங்கே தொடங்குவது, கல்லெறியும் நேரம் எது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தரப்படுகின்றன. விமானம் பத்து மணி நேரம் தாமதமானால் என்ன செய்வது என்பதை மட்டும் எவரும் சொல்லித் தருவதில்லை.

நம் வண்ணாரப்பேட்டைக்குக் காத்திருத்தல் புதிதன்று. துறைமுகத்திற்குள் நுழைவதற்காக எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே பழகியவர்கள் நாம். அந்த ஓட்டுநர் லாரியடியில் சமைத்து, உண்டு, உறங்கி எழுகிறார். சினம் கொண்டால் வரிசை நகராது என்பதை அவர் அறிவார். புனிதப் பயணம் போகிற நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவாசிகள் சிலருடன் உம்ராவுக்குப் புறப்பட்டேன். இஷாவுக்குப் பின் கிளம்ப வேண்டிய விமானம் மறுநாள் லுஹர்வரை கிளம்பவில்லை. முதல் இரண்டு மணி நேரம் எல்லார் கையிலும் தஸ்பீஹ் இருந்தது. பிறகு தஸ்பீஹ் பைக்குள் சென்றது. கைப்பேசி வெளியே வந்தது. நள்ளிரவில் கவுண்டர் முன்னே பெருங்கூச்சல். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அக்கூச்சலில் என் குரலும் இருந்தது. திரும்பிப் பார்த்தால், எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர் தூணோரம் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார். “ஹஜரத், வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தத்தில் ஒரு யாஸீன் முழுசா ஓத விடமாட்டாங்க. இன்னிக்கு மூணு தடவை ஓதிட்டேன்” என்றார். அந்த அம்மையார் கல்வத்தில் இருந்தார். கல்வத்தைப் பற்றிக் கிதாபுகளில் படித்த நான் கவுண்டரில் இருந்தேன்.

ஹஜ்ஜின்போது வீண் தர்க்கம் கூடாதென்று அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனத்தில் இறைவன் தடுத்திருக்கிறான். அந்தத் தடை மினாவின் கூடாரத்திற்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நக்ஷபந்தி பெரியார்கள் கூட்டத்தின் நடுவிலே தனித்திருத்தலை ஒரு பாடமாகவே வைத்திருந்தனர். குகையும் காடும் தேடிப் போக இயலாத நமக்கு அதுவே வழி. தொழுகையை எதிர்பார்த்து அமர்ந்திருப்பவருக்குத் தொழுகையில் இருக்கும் நன்மை உண்டெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அப்படியானால் காத்திருப்பு எப்படி வீண் பொழுதாகும்?

ஹுதைபிய்யாவை எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்கள் இஹ்ராம் உடையில், குர்பானிப் பிராணிகளுடன், ஹரம் எல்லையின் ஓரத்தில் தடுத்து நிறுத்தப்பட்டனர். தூது சென்ற உஸ்மான் (ரலி) அவர்களிடம், நீர் மட்டும் தவாஃப் செய்துகொள்ளும் என்றனர் குறைஷிகள். தூதர் செய்யாத தவாஃபை நான் செய்யேன் என மறுத்துவிட்டார்கள். கஅபா எதிரே இருந்தும் காத்திருந்தார்கள்! வெளியே மரத்தடியில் பைஅத்துர் ரிள்வான் நடந்தது. உடன்படிக்கை முடிந்து, இவ்வாண்டு உம்ரா இல்லை என்றானபோது ஸஹாபாக்கள் துயரத்தில் அசையாது இருந்தனர். எவரிடமும் பேசாமல் சென்று பிராணியை அறுத்துத் தலைமுடி களையுங்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். நாயகம் அவ்வாறே செய்ய, அனைவரும் எழுந்தனர். கஅபாவைக் காணாமல் திரும்பிய அந்த வழியிலேதான் அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கிற்று.

நம் முன்னோர் கப்பலில் சென்ற காலத்தில் செங்கடலின் கமரான் தீவில் நோய்த் தடுப்புக்காக நாட்கணக்கில் இறக்கி வைக்கப்பட்டனர். 1964 ஏப்ரலில் அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் ஜித்தா விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். பல ஆண்டுகள் இஸ்லாத்தின் பெயரால் மேடைகளில் முழங்கியும் தொழுகையின் நிலைகளைச் சரிவரக் கற்றிராத அவர், அந்தத் தங்குமிடத்தில்தான் அவற்றைப் பழகினார். 2020 பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டு உம்ரா பயணிகளுக்குச் சவூதி அரசு கதவடைத்தது. அவ்வாண்டும் மறு ஆண்டும் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணமே இல்லை. பணம் கட்டிக் காத்திருந்து, அந்த இடைவெளியில் மவுத்தானவர்களும் உண்டு. அவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.

இனிச் சில சட்டங்கள். வெள்ளைத் துணி உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகிவிடாது, நிய்யத்தே இஹ்ராம். ஆகவே வீட்டில் குளித்து உடுத்திக்கொண்டு, நிய்யத்தையும் தல்பியாவையும் மீக்காத்தை நெருங்கும்வரை தள்ளி வையுங்கள். விமானம் தாமதித்தாலும் இஹ்ராமின் தடைகள் உங்களைச் சாரா. மீனம்பாக்கம் நம் ஊரோடு ஒட்டியே இருப்பதால் அங்கே கஸ்ர் செய்யாமல் முழுமையாகத் தொழுவதே பேணுதல். குர்ஆனையும் மருந்தையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால் தாமதத்தில் இரண்டும் கிட்டா. பயணியின் துஆ ஏற்கப்படும் என ஹதீஸில் வந்திருப்பதால், வீட்டார் தரும் துஆப் பட்டியலை மதீனாவரை மடித்து வைக்காமல் காத்திருக்கும் நாற்காலியிலேயே விரியுங்கள். சர்க்கரை நோயுள்ளவர் பசியோடு இருந்து திக்ர் செய்ய வேண்டியதில்லை, உண்டபின் செய்யட்டும்.

யா அல்லாஹ்! விண்ணப்பித்துவிட்டுக் குலுக்கலில் பெயர் வராமல் காத்திருக்கும் எங்கள் மஹல்லாவின் முதியோருக்கு உன் வீட்டைக் காணும் பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.