லாகோஸில் எபோலாவைத் தேடிப் பிடித்தவர்கள்

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து நைஜீரியா வந்த ஒரு பயணி, லாகோஸ் விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் அது. தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். மலேரியா என்றுதான் முதலில் வைத்தியம் தொடங்கியது. அங்கே மூத்த மருத்துவராக இருந்த அமெயோ அடடேவோவுக்கு எபோலாவாக இருக்குமோ என்று சந்தேகம் தட்டியது. எபோலா நோயாளி யாரையும் தான் பார்த்ததே இல்லை என்று பயணி சாதித்தார். அவரை அனுப்பிவிடச் சொல்லி லைபீரிய அதிகாரிகள் நெருக்கினார்கள். அடடேவோ அசைந்து கொடுக்கவில்லை. பரிசோதனையில் எபோலா என்றே தெரிந்தது. பயணி ஜூலை 25இல் இறந்தார். தொற்று அடடேவோவையும் விடவில்லை. ஆகஸ்ட் 19இல் அவரும் உயிரிழந்தார்.

லாகோஸில் சுமார் இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளில் 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அதே கொள்ளைநோய், நைஜீரியாவில் 20 பேரோடும் 8 மரணங்களோடும் நின்றது. அக்டோபர் 20இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டை எபோலா அற்றதாக அறிவித்தது.

எப்படி முடிந்தது? அடடேவோவின் துணிவைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். போலியோ ஊழியர்களைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை.

போலியோவை ஒழிக்க 2012இல் நைஜீரியா ஓர் அவசரகாலச் செயல்பாட்டு மையம் அமைத்திருந்தது. எபோலா வந்ததும் அதன் துணைத் தலைவரையே புதிய பணிக்குப் பொறுப்பாக்கினார்கள். நோய்ப்பரவலியலில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் போலியோ பணியிலிருந்து அப்படியே இங்கே மாறினார்கள். தெருத் தெருவாக ஏறி இறங்கிப் பழகிய ஊழியர்கள் வீட்டு வாசலில் நின்று காய்ச்சல் பார்த்தார்கள்; அன்றன்றைய தகவலைக் கைப்பேசியில் அனுப்பினார்கள். நோயாளியோடு தொடர்பிலிருந்த ஒவ்வொருவருக்கும் 21 நாள் கண்காணிப்பு. அப்படித் தொடர்பில் வந்தவர்கள் 894 பேர். நேரில் போய்ப் பார்த்தது ஏறத்தாழ 18,500 முறை. கண்காணிப்பில் இருந்த ஒருவர் போர்ட் ஹார்கோர்ட்டுக்கு நழுவிப் போனார். அங்கே அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் இறந்துபோனார். உடனே அந்த ஊரிலும் தேடல் தொடங்கியது.

கொள்ளைநோய்க்கான தயார்நிலையை மதிப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் சட்டங்களையும் திட்ட ஆவணங்களையும் ஆய்வகங்களையும் எண்ணுகின்றன. 2019 அக்டோபரில் வெளிவந்த உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு அமெரிக்காவுக்கு முதலிடமும் பிரிட்டனுக்கு இரண்டாமிடமும் தந்தது. சில மாதங்களில் கோவிட் அந்த இரு நாடுகளையும் என்ன பாடு படுத்தியது என்று உலகமே பார்த்தது. ஆய்வகமும் சட்டமும் அவசியமே. ஆனாலும் அந்தப் பட்டியலில் முதல் வரியில் இருக்க வேண்டியவர், மாதச் சம்பளத்தில் வீடு வீடாகப் போகும், அந்தத் தெருவுக்குத் தெரிந்த முகமான ஊழியர்தான்.

2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்கா, இயற்கைப் போலியோ வைரஸ் நீங்கிய பகுதியாகச் சான்று பெற்றது. பெரிய வெற்றி. ஆனால் நோய் குறையக் குறைய அதற்கென வந்த வெளிநாட்டு நிதியும் சுருங்கும். லாகோஸைக் காத்தவர்களைப் போன்ற ஊழியர்களின் சம்பளத்தை அந்தந்த அரசுகள் தங்கள் பட்ஜெட்டிலேயே ஏற்க வேண்டும். அடுத்த கிருமி வருவதற்கு முன்பே ஏற்க வேண்டும்.