சொற்களால் ஒரு துறைமுகம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடைக்கு வந்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றித்தான் சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றைத் தேநீர் இடைவேளையில் பேசலாம். 1997 உயர்தரப் பிரிவினராகிய எங்கள் சார்பில் சொல்ல வந்தது வேறு விடயம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு விளையாட்டைக் கட்டும் வேலையில் சேர்ந்து நாங்கள் செய்நிரல் எழுதப் பழகினோம்.

படமே இல்லாத விளையாட்டு அது. திரையில் எழுத்து மட்டும் வரும். "நீங்கள் கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். பாதை கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறது." "உள்ளே போ" என்று தட்டினால் அடுத்த இடம் வரும். பலர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம். லண்டனில் இருப்பவரும் உப்புவெளியில் இருப்பவரும் ஒரே மரத்தடியில் நின்று கதைக்கலாம்.

இது புதிய வகை அல்ல. 1970களின் நடுப்பகுதியில் வில் கிரவுதர் என்ற அமெரிக்கச் செய்நிரலாளர், தாம் நன்கறிந்த கென்டக்கிக் குகையை வைத்துத் தம் மகள்மாருக்காக ஓர் எழுத்து விளையாட்டை எழுதினார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, பலர் சேர்ந்து விளையாடும் 'மட்' என்பதைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். 1989இல் சுவீடனில் லார்ஸ் பென்ஷோ ஆக்கிய 'எல்பி மட்'டில், விளையாடித் தேறியவர் 'மந்திரவாதி' ஆவார். அவருக்குக் கிடைக்கும் பரிசு, அந்த உலகத்தில் புதிய இடங்களைத் தாமே செய்நிரலாக எழுதும் உரிமை. 1990களில் எம்.ஐ.டி.யில் ஏமி புரூக்மன், சிறுவர்கள் எழுத்தையும் செய்நிரலையும் ஒன்றாகப் பழகுவதற்கென்றே 'மூஸ் குரொசிங்' என்ற எழுத்துலகை அமைத்தார். அங்கே ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையே உதவியது.

எங்களில் எவரும் கணனி படித்தவர் அல்லர். இரண்டு வைத்தியர்கள், ஓர் ஆசிரியை, ஒரு வங்கி அதிகாரி, கனடாவில் ஒரு கணக்காளர். உயர்தரத்தில் பைதன் படிக்கும் எட்டு மாணவிகளோடு ஞாயிறு இரவுகளில் இணையவழி கூடினோம். அவர்களுக்குச் செய்நிரல் மொழி தெரியும். எங்களுக்குப் பழைய ஊர் தெரியும்.

மூதூர் லோஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். பாலங்கள் வருவதற்கு முன் மூதூர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. எங்களோடு சேர்ந்த மாணவிகளில் ஒருவரும் அதில் ஏறியதில்லை. செய்நிரலில் லோஞ்ச் ஓர் இடம், ஆனால் நகரும் இடம். உள்ளே நிற்பவர் எல்லோரும் அதோடு நகர வேண்டும். ஏறியவர் எண்ணிக்கையும் வேண்டும். ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கும்போது ரொறன்ரோவிலிருந்து ஒருத்தியும் உவர்மலையிலிருந்து ஒருத்தியும் ஒரே கணத்தில் "ஏறு" என்று தட்டினால் என்ன செய்வது? இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதைக் கொடுப்பதும் ஒரே செயலாக நடக்க வேண்டும், நடுவில் மற்றவர் நுழையக் கூடாது. பதினேழு வயது மாணவி ஒருத்தி இதை விளக்கினாள். வைத்தியர்களாகிய நாங்கள் இருவரும் உடனே விளங்கிக்கொண்டோம். வார்ட்டில் மருந்து கொடுத்தவர் அங்கேயே, அப்போதே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் இரண்டாம் முறையும் கொடுத்துவிடுவார்.

வகுப்புப் பயிற்சியில் விடை சரியென்றால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஒரு மாணவி கோட்டைக்குள் தாமாக நடமாடும் மான்களை விட்டாள். மறுநாளே யாரோ "மானுக்கு வாழைப்பழம் கொடு" என்று தட்டினார். மானுக்கு வாங்கத் தெரியவில்லை. அவள் அன்றிரவே இருந்து அதற்கும் எழுதினாள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை அமைத்தவளிடம், "எல்லாவற்றிலும் ஒரே சூடா பிள்ளை?" என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். கிணற்றை ஒருமுறை மட்டும் எழுதி, ஏழு சூட்டையும் பட்டியலாகக் கொடுக்க அவள் பழகினாள். பாடநூலில் பல பக்கம் படித்தும் பிடிபடாத ஒன்று அந்த ஒரு கேள்வியில் பிடிபட்டது.

கணனி அறைக்கு இயந்திரம் வாங்கித் தரப் பலர் முன்வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் இயந்திரம் சில வருடங்களில் பழசாகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் குறைவாக இருப்பது, அவர்கள் எழுதியதைப் பாவித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆட்கள். இந்த விளையாட்டு பழைய கணனியிலும் ஓடும். வெறும் எழுத்து என்பதால் பார்வையற்றவரும் திரைவாசிப்பான் கொண்டு விளையாடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் சோதனைச்சாவடிகளைக் கடந்து பள்ளிக்கு வந்தவர்கள். கடற்படைத் தளத்தின் மதிலுக்கு உள்ளே இருக்கும் துறைமுகத்தை நாங்கள் பார்த்ததில்லை. இன்றைய பிள்ளைகளும் வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளிக்கும்வரை அங்கே வேலைபார்த்தவர்களின் மகள்மார் எங்கள் சங்கத்தில் இருக்கிறீர்கள். அப்பா சொன்ன இடங்களின் பெயரும் அடையாளமும் உங்களிடம் மட்டுமே உண்டு. நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கட்டுவார்கள்.

எந்த ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் தாருங்கள். உள்ளே வந்து நடவுங்கள், "இது இப்படி இல்லையே" என்று குறை சொல்லுங்கள். குறை வந்தால்தான் அவர்களுக்குப் பாடம் நடக்கும். எங்கள் வரைபடத்தில் உட்துறைமுகத்தின் பெரும்பகுதி இன்னும் வெறுமையாக இருக்கிறது.