சலுகை அல்ல, உரிமை
(அக்கராயன் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த நம் உறவுகள் பலர், இங்கே யுத்தத்தில் கை கால் இழந்தார்கள். லயத்துக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளையும் நாம் அறிவோம்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலையையோ பள்ளி அனுமதியையோ மறுக்க முடியாது. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மாதக் கொடுப்பனவும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். வைத்தியச் சான்றிதழுடன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். செயற்கைக் கால் பொருத்த, யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இயங்குகிறது.

படிவம் நிரப்ப ஆசிரியர்களும் சங்கமும் இருக்கிறோம். யாரையும் வீட்டுக்குள் மறைக்காதீர்கள், பேரைப் பதியுங்கள். பதியாத பேருக்குப் பங்கு வராது.