எதிர்க்காற்றில் புறப்படுவோம்



2011 யூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து மக்கள் நிதி சேர்த்தார்கள். அந்த நிதி தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. அதைப் பார்த்துத்தான், நாங்களும் நோயாளருக்காகச் சைக்கிளில் நெடுந்தூரம் போக எண்ணினோம்.

ஏறாவூரில் ஆனி, ஆடியில் கச்சான் அனலாய் வீசும். ஆகவே விடியமுன் புறப்படுவோம். செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியில் கரடியனாறு நோக்கிக் காற்றை எதிர்த்து மிதிப்போம். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். தாகம் எடுக்கமுன் தண்ணீர் குடிப்போம். உப்பும் சீனியும் தேசிக்காய்ப்புளியும் கலந்த போத்தல் கூடவே வரும். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சமாகவே கூட்டுவோம். மெதுவாக மிதிப்பவர் முன்னால் போவார். அவர் வேகமே எல்லோர் வேகம்.

எங்களில் பலர் பாடசாலை விட்டபின் சைக்கிளைத் தொடாதவர்கள். "இந்த வயதில் ஏன்?" என்று கேட்டார்கள். நோய் வயது பார்த்து வருவதில்லை. சிகிச்சைக்குப் போக பஸ் காசு தேடும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தூர தேசத்துத் தோழியரே, இருக்கும் ஊரிலேயே மிதியுங்கள்; கிலோமீற்றருக்கு இவ்வளவென்று ஒதுக்கி அனுப்புங்கள். ஊருக்கு வந்தால் எங்களோடு சேருங்கள். மெதுவாக மிதித்தாலும் பரவாயில்லை, முன்னால் போகலாம்.