இரண்டாம் பாகத்தையும் படியுங்கள்

(நம் குடியிருப்பின் கிறிஸ்துமஸ் கூடுகையில் ஆற்றிய உரை)



"பிரசங்கம் வேண்டாம்மா, எல்லாரும் கேட்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்க" என்றார் செயலாளர். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாணம்'. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்த புத்தகம் அது. அதைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைப் பாடினார்.

பனியன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பக்கத்துக்காரர். ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்வது தொழில். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. அவர் சொல்லவில்லை. 12 ஆண்டுகள் உள்ளே இருந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. பிள்ளைகளின் சிற்றன்னை எலிசபெத் நீதிபதிகள் முன் போய் நின்று கணவருக்காக மன்றாடினார். பனியன் சிறையில் இருந்தபடியே நாடா முடைந்து குடும்பத்துக்கு நாலு காசு சேர்த்தார்.

முதல் பாகம் 1678-இல் வந்தது. அதில் கிறிஸ்தியான் என்பவன் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிட, காதைப் பொத்திக்கொண்டு மோட்ச நகரத்தை நோக்கி ஓடுகிறான். சின்ன வயதில் எனக்கு அந்த இடம் பிடிக்கவே பிடிக்காது. வழியில் நம்பிக்கை என்ற பெயருடைய ஒருவன் துணைக்கு வருகிறான். இருவரும் பாதை தவறி, விரக்தி என்ற அரக்கனிடம் அகப்படுகிறார்கள். அவனுடைய சந்தேகக் கோட்டையில் புதன் முதல் சனி வரை சோறு தண்ணீர் இல்லை, அடி உண்டு. சனி நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில் கிறிஸ்தியானுக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் தன் மடியில்தான் இருக்கிறது! கதவைத் திறந்து தப்பிக்கிறார்கள். ஆனால் அரக்கன் சாகவில்லை. கோட்டையும் அப்படியே நிற்கிறது.

பலரும் இத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு பல நாள் நான் கதவைத் திறக்கவில்லை. வசனமெல்லாம் மனப்பாடம், சாவி மடியில்தான் இருந்தது, எடுக்கக் கை எழவில்லை. அந்த நாட்களில்தான் 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் படித்தேன்.

அதில் கணவனை இழந்த கிறிஸ்தியானாள் தன் நான்கு மகன்களோடு அதே வழியில் புறப்படுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் கூட வருகிறாள். அவள் பெயர் இரக்கம். போகப் போகக் கூட்டம் பெருகுகிறது. ஊன்றுகோல்காரர் ஒருவர், மனபலம் இல்லாத ஒருவர். "நான் வந்தால் உங்களுக்குத் தாமதம்" என்று அவர் தயங்குகிறார். யாரும் அவரை விட்டுப் போவதில்லை. எல்லாரும் அவருக்காக நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சந்தேகக் கோட்டை வருகிறது. இந்த முறை யாரும் தப்பி ஓடவில்லை. வழிகாட்டியும் ஒரு பெரியவரும் நான்கு மகன்களும் போய் அரக்கனைக் கொன்று, ஏழு நாள் பாடுபட்டுக் கோட்டையை இடிக்கிறார்கள். உள்ளே பட்டினியில் சாகக் கிடந்த ஒரு தந்தையையும் மகளையும் மீட்கிறார்கள். பிறகு பாட்டும் கூத்தும்! ஊன்றுகோல்காரர் ஒரு கோலைக் கையில் பிடித்தபடியே அந்த மகளோடு ஆடுகிறார்.

அன்று ஒருவன் தப்பித்தான். இன்று ஒரு குடும்பம், பக்கத்து வீட்டையும் பலவீனரையும் சேர்த்துக்கொண்டு, கோட்டையையே இடித்தது. சிறையில் குடும்பத்தை நினைத்து ஏங்கிய மனிதர் எழுதிய கதை இது.

என் கதவை மேல்வீட்டுப் பெண் ஒரு கிண்ணம் ரசத்தோடு தட்டினாள். நான் திறக்கவில்லை. மறுநாளும் தட்டினாள். நான்காம் நாள் திறந்தேன். அவள் கும்பிடும் தெய்வம் வேறு. ஆனால் அன்று என் ஜெபத்துக்குப் பதில் அவள் கையில்தான் வந்தது என்று நான் நம்புகிறேன்.

நம் குடியிருப்பிலும் ஏதோ ஒரு கதவு இரண்டு நாளாகத் திறக்காமல் இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அதை ஒருமுறை தட்டிவிட்டுப் போங்கள். திறக்காவிட்டால் நாளையும் தட்டுங்கள்.