பெயர்ந்து செல்லும் ஊர்

ஆறு திசைமாறியதால் பெயர்ந்த ஊர்களைப் பற்றியும், அணைநீரில் மூழ்கிய ஊர்களைப் பற்றியும் நாம் கேட்டிருக்கிறோம். தன்னைப் பெற்ற சுரங்கமே தன்னை இடம்பெயரச் செய்யும் ஊர் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அதன் பெயர் கிருனா. ஸ்வீடன் தேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. டிசம்பரில் சில வாரங்கள் அங்கே கதிரவன் எழுவதே இல்லை; ஜூனில் மறைவதே இல்லை.

அது துருவமான் மந்தைகளை மேய்க்கும் சாமி மக்களின் பூமி. அவர்கள் மொழியில் ஒரு வெண்பறவைக்கு வழங்கும் பெயரே ஊருக்கும் வந்தது. அங்குள்ள குன்றுகளில் இரும்புத்தாது மிகுந்திருந்தபடியால் 1890-இல் ஒரு கம்பெனி தோன்றிற்று. 1900-இல் ஊர் எழுந்தது. யால்மர் லுண்ட்போம் என்னும் மண்ணியல் அறிஞரே அதன் தலைவர். சேரிபோல் சுரங்க ஊர் வளரலாகாது என்று எண்ணிய அவர், பனிக்காற்றின் வேகம் தணியும்படி தெருக்களை வளைத்து அமைக்கச் செய்தார். 1902-இல் நார்வேயின் நார்விக் துறைமுகம் வரை இருப்புப்பாதை முடிந்தது. குளிர்காலத்திலும் உறையாத துறைமுகம் அது.

செல்வம் வந்தது, பிணக்கும் வந்தது. 1969 டிசம்பரில் ஏறத்தாழ 5,000 சுரங்கத் தொழிலாளர், தங்கள் சங்கத் தலைமையின் இசைவையும் எதிர்பாராமல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது மறு ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தது.

ஊரின் விதியை எழுதியது அந்தத் தாதுவின் கிடப்பேயாகும். நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள பெரும்பலகை ஒன்றைச் சாய்த்து மண்ணில் செருகியது போல், அது ஊரை நோக்கிச் சரிந்து கீழே இறங்குகிறது. தாதுவைக் கீழிருந்து எடுக்க எடுக்க, மேலுள்ள பாறை இடிந்து அவ்வெற்றிடத்தில் விழுகிறது. ஆகவே ஆழம் கூடக்கூட நிலவெடிப்பு ஊரை நெருங்கிற்று. ஊர் பெயர வேண்டும் என்பது 2004-இல் வெளிப்பட்டது. லுண்ட்போம் வாழ்ந்த வீடே 2017-இல் இடம்பெயர்ந்தது! கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய நகரமையம் 2022-இல் திறக்கப்பட்டது.

1912-இல் கட்டப்பட்ட மரக் கோயிலை மட்டும் பிரித்தெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சாமி மக்களின் குடிலை ஒத்த வடிவுடைய, 672 டன் எடையுள்ள அக்கட்டடத்தை, 2025 ஆகஸ்டில் பல சக்கர ஊர்திகளின் மீது ஏற்றி, இரண்டு நாளில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினர். ஆமைநடைதான். ஆயினும் நம் தேர்த்திருவிழாவை ஒப்பத் தெருவோரமெங்கும் ஜனங்கள் கூடினர்; அரசரும் வந்திருந்தார்.

வீடிழந்தோருக்குக் கம்பெனி ஈடு தருகிறது: சந்தை விலையும் அதற்குமேல் நூற்றுக்கு இருபத்தைந்தும், அல்லது மாற்று வீடு. குறை சொல்வதற்கில்லாத ஏற்பாடு என்றே தோன்றும். ஆனால் புதுக் குடியிருப்புகளில் வாடகை கூடுதல் என்று வருந்துவோர் உண்டு. பிள்ளைப்பருவத்துத் தெருவுக்கு விலை குறிக்கும் அதிகாரியோ எங்கும் இல்லை. சாமி மக்களுக்கு எந்தக் கோயில் ஊர்வலமும் ஆறுதலாகாது. சுரங்கத்துக்கும் புதிய ஊருக்கும் இடையே, அவர்களுடைய மான்கள் காலங்காலமாக நடந்த தடம் ஆண்டுதோறும் குறுகிக்கொண்டிருக்கிறது.